விட்ட மீன்

போன மாதம் அப்பாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். கலிஃபோர்னியாவில் எனக்கு ராத்திரி, அவருக்குக் காலை. மேட்டூரில் நடைப்பயிற்சி முடித்துவிட்டு அவர் வழக்கமாக உட்காரும் டீக்கடை. பக்கத்தில் யாரோ ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்ததும் அப்பா போனை அவர் பக்கம் திருப்பினார். "இதுதாங்க என் பொண்ணு. ஞாயித்துக்கெழமையானா போட்ல போயி மீன் பிடிக்கும். ஆனா சின்ன மீனு மாட்டுச்சுன்னா உசுரோட திருப்பித் தண்ணியில விட்டுடும். நானே கூட இருந்து பாத்தேன்." அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். நான் சிரித்து வைத்தேன்.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா பார்த்தது பாதிதான். மீதிப் பாதி நடந்தபோது அவர் ஃப்ளாஸ்க்கைத் தேடித் திரும்பியிருந்தார். அதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. கதையோ டீக்கடை வரைக்கும் போய்விட்டது. இன்னும் எத்தனை பேர் கும்பிட்டிருக்கிறார்களோ.

நான் பிடிக்கப் போகும் மீனின் பெயர் கொக்கனி. கடையில் ரத்தச் சிவப்பாக வெட்டி வைத்திருப்பார்களே சாக்கை சால்மன், இதுவும் அதே இனம்தான். சாக்கை ஆற்றில் பொரித்து, ஏரியில் வளர்ந்து, கடலுக்குப் போய், பெருத்துத் திரும்பி வந்து முட்டையிட்டுச் சாகும். கொக்கனி கடலுக்குப் போவதே இல்லை. ஏரியையே கடலாக நினைத்து மூன்று நான்கு வருடம் வாழ்ந்துவிட்டு, ஓடையில் ஏறி முட்டையிட்டு, அதுவும் செத்துப்போகும். கடல் சாப்பாடு இல்லாததால் உடம்பு சிறுத்துவிட்டது. ஒன்றேகால் அடி இருந்தால் நல்ல மீன். கனடாவின் மேற்குப் பக்கத்து ஏரிகளில் இது இயற்கையாகவே உண்டு. கலிஃபோர்னியாவுக்கு வந்தது 1940களில்தான், அதுவும் மனிதர் கையால். இங்கே அணை கட்டித் தேக்கிய ஆழமான ஏரிகளில் அரசாங்கமே குஞ்சு விடுகிறது. இலையுதிர் காலத்தில் லிட்டில் ட்ரக்கீ ஆற்றில் ஏறி வரும் மீன்களிலிருந்து முட்டை எடுத்து, பொரிப்பகத்தில் வளர்த்து, விரல் நீளம் வந்ததும் லாரியில் கொண்டுபோய்க் குழாய் வழியாக ஏரியில் கொட்டுவார்கள்.

இதில் அப்பாவுக்கு ஆச்சரியமே இல்லை. "நம்ம டேம்லயும் குஞ்சு வுடுறாங்களே" என்றார். உண்மைதான். மேட்டூர் மீன் என்று சேலம் வரைக்கும் பேர் வாங்கிய கட்லாவும் ரோகுவும் காவிரியில் பிறந்தவை அல்ல. வடக்கே கங்கைப் பக்கமிருந்து கொண்டுவந்து விட்டவை. அணைப் பூங்கா வாசலில் மிளகாய்ப்பொடி தடவி அடுக்கி வைத்திருக்கும் மீனைத் தின்று வளர்ந்த எனக்கே அது கல்லூரி முடித்த பிறகுதான் தெரியும்.

எழுபது அடிக்குக் கீழே

நாங்கள் போவது பெர்ரியெஸ்ஸா ஏரிக்கு. எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். பதினெட்டடி அலுமினியப் படகு வைத்திருக்கிறார். ஐந்து வருடத்துக்கு முன்னால் அவர் வேலியோரம் நின்று தூண்டில் உருளைக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து நானாகப் போய்ப் பேசியதில் தொடங்கிய பழக்கம். விடியற்காலை நாலரைக்குப் படகை வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் வெளிச்சம் வருவதற்குள் தண்ணீரில் இருப்போம்.

போன வருடம் அப்பா ஆறு மாதம் இங்கே வந்திருந்தபோது ஆகஸ்டில் ஒரு நாள் அவரையும் அழைத்துப் போனோம். அவருக்கு லைசென்ஸ் எடுக்கவில்லை, அதனால் தூண்டிலைத் தொடக்கூடாது என்று தபால்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பா மப்ளரைத் தலையில் கட்டிக்கொண்டு, படகின் முன்பக்கம் கைகட்டி உட்கார்ந்து, எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தார். கரையை ஒரு சுற்று பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "இதுக்கு அடியில ஊரு இருக்குதா?" இருக்கிறது. மான்டிசெல்லோ என்ற ஊர். 1957-ல் அணை முடிவதற்குள் ஆட்களை வெளியேற்றி, வீடுகளை இடித்து, கல்லறைகளைக்கூட இடம் மாற்றினார்கள். தபால்காரரிடம் கேட்டு மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்பா தலையாட்டினார். மேட்டூர்க்காரருக்கு எந்தப் பெரிய தண்ணீரைப் பார்த்தாலும் அந்தச் சந்தேகம் வரும். நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் நந்தி தலை தூக்கும், பழைய தேவாலயக் கோபுரம் தெரியும். போய்ப் பார்த்துவிட்டு வந்து சாப்பாட்டு நேரத்தில் பேசுவது எங்கள் வீட்டு வழக்கம்.

கொக்கனி பிடிப்பது பொறுமைக்காரர் வேலை என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அது கணக்குக்காரர் வேலை. ஒரு வாளிப் பச்சைத் தண்ணீரில் மேலாக வெந்நீரை ஊற்றிக் கலக்காமல் விட்டால் எப்படியிருக்கும், கோடையில் ஆழமான ஏரி அப்படித்தான். மேலே கையை விட்டால் வெதுவெதுவென்று 78 டிகிரி, இங்கத்து ஃபாரன்ஹீட் கணக்கில். முப்பது நாற்பது அடி கீழே போனதும் சட்டென்று குளிரத் தொடங்கும். கொக்கனிக்குப் பிடித்தது 50லிருந்து 54 டிகிரி வரை. ஆகஸ்டில் அந்தக் குளிர் எழுபது அடி ஆழத்தில் இருந்தால் மீனும் அங்கேதான், ஒரு பாய் விரித்த மாதிரி ஒரே மட்டத்தில். அதற்கு மேல் பத்தடியில் தூண்டில் போட்டால் நாள் முழுக்க ஏரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம்.

அந்த மட்டத்துக்குத் தூண்டிலைக் கொண்டுபோக டவுன்ரிக்கர் என்று ஒரு சாதனம். கிணற்று ராட்டினத்தின் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய எஃகுக் கம்பியில் பத்து பவுண்டு ஈயக் குண்டு. அந்தக் கம்பியில் ஒரு கவ்வி. தூண்டில் நரம்பை அதில் மாட்டிக் குண்டோடு சேர்த்து இறக்கிவிட வேண்டும். எத்தனை அடி என்பதை ஒரு சின்ன மீட்டர் சொல்லும். நரம்பின் நுனியில் முதலில் பளபளவென்று ஆடும் ஒரு தகடு, அதற்கு அரைமுழம் பின்னால் சுண்டுவிரல் நீளத்தில் ரோஸ் நிறப் பிளாஸ்டிக் கணவாய், அதன் இரண்டு முள்ளிலும் ஒவ்வொரு சோள மணி. படகு மணிக்கு ஒன்றேகால் மைல் வேகத்தில் ஊர்ந்தபடி இதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும். மீன் கடித்ததும் கவ்வி விட்டுவிடும். அதுவரை வளைந்து நின்ற கோல் ஒரு நொடி நிமிரும், அப்புறம்தான் மறுபடி வளைந்து துடிக்கும். அந்த ஒரு நொடி நிமிர்வுக்காகத்தான் நாங்கள் நாலரைக்கு எழுந்திருப்பது.

சோளம் டப்பாவில் வரும் வெள்ளைச் சோளம்; தபால்காரர் அதைப் பூண்டெண்ணெயில் ஊற வைப்பார். அப்பா டப்பாவை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "ரசத்துக்குத் தாளிச்சாப்ல இருக்குது. மீனுக்குச் சோளமா குடுப்பாங்க?" என்றார். நியாயமான கேள்வி. கொக்கனி சோளம் தின்கிற மீனே இல்லை. அதன் செவுளுக்குள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமான முட்கள் உண்டு. குண்டூசித் தலை அளவுகூட இல்லாத நீர்த்தெள்ளுகளைப் பார்த்துப் பார்த்துப் பிடித்து, அவை நழுவிவிடாமல் அந்த முட்களால் தடுத்துத் தின்று வாழ்கிற ஜீவன். பிறகு ஏன் ரோஸ் கணவாயைக் கடிக்கிறது? எரிச்சலில் கடிக்கிறது என்பார் தபால்காரர். "தெருவில் சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறவனை அடிக்க நாம் வெளியே வருவதில்லையா, அதுபோல." சரி என்று வைத்துக்கொண்டேன். வேறு நல்ல விளக்கம் எனக்கும் இதுவரை கிடைக்கவில்லை.

கையில் ஒட்டிய வெள்ளி

அன்றைக்கு எட்டு மணிக்குள் இரண்டு மீன் வந்துவிட்டது. இரண்டும் நல்ல அளவு. தபால்காரர் செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு ஐஸில் போட்டார். மூன்றாவது என் கோலில். சுழன்று சுழன்று வந்தது. கொக்கனி அப்படித்தான், திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டே மேலே வரும். வாய் ரொம்ப மென்மையானது, கொஞ்சம் முரட்டுத்தனமாக இழுத்தாலும் கிழிந்துவிடும். வலையில் அள்ளிப் பார்த்தால் ஒன்பது அங்குலம்தான். குழந்தை மாதிரி இருந்தது.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மீன் பிடிக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்தே நான் 'பிடி, படமெடு, விடு' கட்சி. வீடியோக்களில் பார்த்துப் பார்த்துப் படித்தது. கையை நனைத்துக்கொள்ள வேண்டும், முள்ளின் எதிர்க்கொக்கியை நசுக்கிவிட வேண்டும், மீனைத் தண்ணீருக்கு மேலே பத்து விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இதெல்லாம் செய்தால் நான் நல்லவள் என்று எனக்குள்ளேயே ஒரு சான்றிதழ். அன்றைக்கு அந்தச் சான்றிதழை அப்பாவிடம் காட்டும் ஆசையும் சேர்ந்துகொண்டது. ஊரில் மீன் என்றால் கிலோ எவ்வளவு என்று மட்டும் கேட்கத் தெரிந்த வீட்டிலிருந்து வந்த பெண் இப்போது எப்படி மாறியிருக்கிறாள், பாருங்கள்.

"ஏங் கண்ணு, வுடுறதுக்கா இத்தன பாடுபட்டுப் பிடிச்ச?" என்றார் அப்பா.

"சின்னதுப்பா. வளரட்டும்."

முள் வாயோரத்தில்தான் இருந்தது, சுலபமாக வந்துவிட்டது. ஆனால் மீன் கையில் நெளிந்த நெளிவில் செதில் உதிர்ந்து உள்ளங்கை முழுக்க வெள்ளிப்பொடி. கோலப்பொடியைத் தொட்ட மாதிரி. படகோரம் குனிந்து, தண்ணீருக்குள் அதை நிமிர்த்திப் பிடித்தேன். இரண்டு தடவை செவுள் அசைந்தது. வாலை ஒரு அடி அடித்துக் கையிலிருந்து நழுவியது. "நல்லாரு" என்றார் அப்பா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சொல்வது போல. சொல்லிவிட்டு டீ ஃப்ளாஸ்க்கைத் தேடி முன்பக்கம் திரும்பினார்.

மீன் இரண்டடி இறங்கியது. ஒரு தடவை பளிச்சென்றது. அங்கேயே நின்றது. பிறகு மெல்ல, இலை மிதந்து வருவது போல, பக்கவாட்டில் சாய்ந்தபடி மேலே வந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. படகு போய்க்கொண்டே இருந்ததால் அது எங்களுக்குப் பின்னால் பத்தடி, இருபதடி என்று தள்ளிப் போனது. காலையிலிருந்து பின்னாலேயே தண்ணீரில் உட்கார்ந்து வந்த கடற்காக்கை ஒன்று எழுந்து, அவசரமே இல்லாமல் பறந்து வந்து, தலைப்பக்கமாகக் கவ்வி விழுங்கியது. மொத்தம் அரை நிமிடம் இருக்கும். தபால்காரரும் பார்த்தார். எங்கள் கண்கள் சந்தித்தன. அப்பா திரும்பி ஆளுக்கொரு டம்ளர் டீயை நீட்டினார்.

கரைக்கு வந்து, மீன் கழுவும் மேடையில் நிற்கும்போதுதான் தபால்காரர் வாயைத் திறந்தார். அதுவும் அப்பா கழிப்பறைப் பக்கம் போன பிறகு. "ஆகஸ்டில் நான் கொக்கனியை விடுவதில்லை. முதலில் மாட்டும் ஐந்து எதுவோ, அதுதான் என் ஐந்து. சின்னதோ பெரியதோ. அப்புறம் வீடு." ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து என்பது இங்கே சட்டம், அளவு வரம்பு கிடையாது. "முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றேன். "உன் அப்பா முன்னால் நீ சந்தோஷமாக இருந்தாய்" என்றார். அவர் முதுகெலும்போரம் கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தார். சதை நல்ல செம்மஞ்சளாக வந்தது. நான் கையைக் கழுவிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து போனை எடுத்தால் திரையில் இரண்டு செதில் காய்ந்து ஒட்டியிருந்தது.

சால்மன் குடும்பத்துக்குக் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் இடையில் ஒரு சின்னக் குழாய் உண்டு. ஆழத்திலிருந்து மேலே வரும்போது விரியும் காற்றை அது ஏப்பமாக விட்டுவிடும். அதனால் எழுபது அடி ஆழம் மட்டும் அந்தக் குட்டியைக் கொன்றிருக்காது. 52 டிகிரியில் இருந்ததை இரண்டு நிமிடத்துக்குள் 78 டிகிரிக்கு இழுத்து வந்தேன். வழியெல்லாம் அது உயிரைக் கொடுத்துப் போராடியது. மேலே வந்ததும் தோலைக் காக்கும் செதிலை என் கை உரித்துவிட்டது. பிறகு வெந்நீரில் விட்டு "வளரட்டும்" என்றேன். மே மாதத்தில், மேல் தண்ணீரே குளிர்ந்திருக்கும்போது, இருபதடியில் பிடித்துத் தண்ணீரை விட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றியிருந்தால் அது பிழைத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. குளிர்ந்த ஆற்றில் ட்ரவுட் பிடித்து விடுகிறவர்களோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. என் சண்டை என் சான்றிதழோடுதான்.

நல்லதுக்குத்தான் விட்டார்கள்

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பது அந்த வாரம்தான் எனக்கு உறைத்தது. ஏரியில் குஞ்சு விடுவதும் விடுவதுதான், பிடித்ததைத் திருப்பி விடுவதும் விடுவதுதான். இரண்டிலும் கை தண்ணீர்மட்டத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்பது தெரிவதில்லை. ராத்திரிகளில் கொக்கனி ஏரிகளின் கதையைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் ஒன்று என்னை விடவே இல்லை.

கனடாவில் கூட்டெனே ஏரி என்று ஒன்று. 1949-ல் அதில் மைசிஸ் என்ற சின்ன இறாலைக் கொண்டுவந்து விட்டார்கள், மீனுக்கு நல்ல தீனியாகட்டும் என்று. ஏரியிலிருந்து மேற்கே நீளும் கிளையில், மேற்குக் கை என்பார்கள், கொக்கனி அதைத் தின்று கொழுத்துப் பெருத்தது. அதைப் பார்த்த மற்ற ஊர்க்காரர்களும் தங்கள் ஏரிகளில் மைசிஸை விட்டார்கள். மொன்டானாவில் ஃபிளாட்ஹெட் ஏரிக்கு மேலே இருக்கும் சிற்றேரிகளில் 1968லிருந்து 1975 வரை விட்டார்கள். அது ஆற்றோடு இறங்கி 1981-ல் பெரிய ஏரிக்கு வந்து சேர்ந்தது. ஃபிளாட்ஹெட் கொக்கனி அதற்குள் அந்த வட்டாரத்துக்கே சொந்தம் மாதிரி ஆகியிருந்தது. 1916-ல் விட்ட மீன்தான். ஆனால் இலையுதிர் காலத்தில் மெக்டொனால்ட் ஓடையில் முட்டையிட ஏறினால் அதைத் தின்னவே அறுநூறுக்கு மேல் வெண்தலைக் கழுகுகள் கூடும். கழுகைப் பார்க்க ஆட்கள் கூடுவார்கள்.

யாரும் கவனிக்காதது ஒன்றுதான். மைசிஸ் பகலெல்லாம் ஏரியின் அடியில், இருட்டில் கிடக்கும். ராத்திரியில்தான் மேலே வரும். கொக்கனி கண்ணால் பார்த்துத் தின்கிற மீன். பகல் வெளிச்சத்தில் நடுத் தண்ணீரில் மேயும். அது மேயும்போது இறால் எட்டாத ஆழத்தில் தூங்குகிறது. இறால் மேலே வரும்போது மீனுக்குக் கண் தெரிவதில்லை. வந்த இறாலோ சும்மா இருக்கவில்லை, கொக்கனியின் சாப்பாடான நீர்த்தெள்ளுகளை ராத்திரியோடு ராத்திரியாகத் தின்று தீர்த்தது. ஒரே வீட்டில் பகல் ஷிஃப்ட் ஒருவர், ராத்திரி ஷிஃப்ட் ஒருவர். காலையில் எழுந்து பானையைத் திறந்தால் பழைய சோறு இல்லை. கூட்டெனேயின் மேற்குக் கையில் மட்டும் ஏன் பலித்தது? அங்கே தண்ணீர் ஆழமில்லாமல் ஆறாக ஓடி வெளியேறுகிறது. அந்த ஓட்டம் இறாலைப் பகலிலும் மேலே தள்ளி மீன் வாயருகே கொண்டுவந்தது. அது அந்த இடத்தின் விசேஷம். ஆழமான ஃபிளாட்ஹெட்டின் அடியில் படுத்துக்கிடந்த ஏரி டிரவுட் என்ற பெரிய வேட்டை மீனுக்கு மட்டும் இறால் விருந்து; அது பெருகிக் கொக்கனியையும் சேர்த்துத் தின்றது.

1985-ல் மெக்டொனால்ட் ஓடையில் லட்சத்துக்கு மேல் கொக்கனி ஏறியது. 1987-ல் ஏறியது 330. 1989-ல் 50. அந்த வருடம் எண்ணிய கழுகுகள் 25. இவ்வளவுக்கும் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. மீனுக்குச் சோறு போட்டார்கள், அவ்வளவுதான். இங்கே கலிஃபோர்னியா எல்லையில் இருக்கும் டாஹோ ஏரியிலும் இதே இறாலை 1960களில் விட்டு, இதே நீர்த்தெள்ளு காணாமல் போய், அங்கத்துக் கொக்கனியும் சிறுத்துப்போனது. நல்லவேளை, அங்கே அது அழியவில்லை.

அப்பா ஊருக்குப் போன பிறகு அக்டோபரில் டாஹோவுக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். டெய்லர் ஓடை, நம் ஊர் வாய்க்கால் அகலம்தான். கொக்கனி அதில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. உடம்பு மிளகாய்ப்பழச் சிவப்பு, தலை பாசிப் பச்சை, ஆண்களுக்கு முதுகு கூன் போட்டு வாய் கொக்கியாக வளைந்திருக்கும். பெண் மீன்கள் கூழாங்கல்லைப் பறித்துப் பறித்து வால் தேய்ந்து வெள்ளையாகியிருந்தன. நானும் இந்த நிறத்தை வேறெங்கும் பார்த்ததில்லை. ஏரியில் நாங்கள் பிடிப்பது வெறும் வெள்ளி. ஓரத்தில் முட்டையிட்டு முடித்தவை சாய்ந்து கிடந்தன, வாய் திறந்து திறந்து மூடியபடி. அதே மாதிரி. பக்கத்தில் ஒரு அம்மா தன் பையனுக்கு, "கவலைப்படாதே, எப்படியும் இது சாகிற மீன்தான்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் படகிலும் இந்த வாதம் அடிக்கடி வரும்: மூன்று வருடத்தில் எப்படியும் சாகப்போகிறது, பிடித்தால் என்ன, விட்டால் என்ன. எனக்கு அது ஒப்பவில்லை. ஒன்பது அங்குலக் குட்டிக்கு இந்தச் சிவப்பு இன்னும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ தள்ளி இருந்தது.

இப்போது நானும் தபால்காரர் வழிக்கு வந்துவிட்டேன். முதல் ஐந்து என் ஐந்து. சில நாள் எட்டரை மணிக்கே முடிந்துவிடும். வெயில்கூட ஏறியிருக்காது, படகில் இருக்கும் மீன்காட்டும் கருவியின் திரையில் மீன்கள் பாய் விரித்த மாதிரி தெரியும், மற்ற படகுகளில் கோல்கள் நிமிர்ந்து நிமிர்ந்து வளையும். நாங்கள் ஈயக் குண்டை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு டீ குடிப்போம். அதுதான் எனக்குக் கஷ்டமான நேரம். ஆறாவது மீனை விட்டுவிடலாம் என்ற சாக்கு இருந்தவரை நான் மதியம் வரை பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் கணக்குக்கு வந்தது.

போன ஞாயிறு சாயங்காலம் அப்பாவுக்குக் கூப்பிட்டேன். அங்கே திங்கள் காலை, அதே டீக்கடை.

"இன்னைக்கு எத்தன வுட்ட கண்ணு?" என்றார், பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி.

"ஒண்ணும் விடலப்பா. அஞ்சு பிடிச்சோம், கெளம்பிட்டோம்."

"ஏன், சின்னது எதுவும் மாட்டலையா?"

"மாட்டுச்சு. அதையும் எடுத்துட்டு வந்துட்டேன்."

கொஞ்ச நேரம் பால் சட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "என்ன, கொழம்பா?" என்றார்.

"கொழம்புக்குக் கரைஞ்சு போவும்ப்பா. வறுக்கத்தான் போறேன்."

"மொளகாப்பொடியோட கொஞ்சம் சோம்பு நுணுக்கிப் போடு" என்றார். போன வருடக் குட்டியைப் பற்றி அன்றைக்கும் நான் சொல்லவில்லை. சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.